சொட்டு மருந்துக்காரிக்கு வந்த அதிகாரம்

கதவு தட்டிப் பிழைக்கிற தொழிலில் நாய்க்கடியைக்கூடத் தாங்கிவிடலாம், உள்ளே ஆள் இருந்தும் திறக்காத கதவைத்தான் தாங்க முடியாது. மீட்டர் பார்க்கிறவர்களே, கூரியர் கொடுக்கிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா! நான் மும்பை தாராவியில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு போடுகிறவள். மாநகராட்சி ஆள்தான், ஆனால் வெறும் ஒப்பந்தம்.

தட்டினால் திறக்காது

எங்கள் சந்துகளில் தட்டினால் யாரும் திறக்க மாட்டார்கள். வட்டிக்காரனோ, கரன்ட் கட் பண்ண வந்தவனோ என்று டி.வி. சத்தத்தைக்கூடக் குறைத்துவிடுவார்கள். அதனால் நான் தட்டுவதே இல்லை. சந்து முனையில் நின்று "டோஸ்!" என்று ஒரு கத்து. தமிழ், பீகாரி, வங்காளி எல்லா வீடும் திறக்கும். இந்தத் தொண்டைதான் என் சொத்து. நாங்குநேரிக்காரி பேச்சியம்மாள் ஒருநாள் சொன்னாள்: "எக்கா, ஒன் சத்தம்னா எச்சிக் கையோட வந்து தொறப்பேன். வேற ஆளுன்னா, வீட்ல ஆளில்லன்னு நானே உள்ள இருந்து சொல்லிருவேன்."

கீழே இறங்கி வந்த முடிவு

வங்கதேசத்திலிருந்து பேப்பர் இல்லாமல் வந்தவர்களைப் பிடிக்கச் சொல்லி போலீஸுக்கு மேலிடத்து உத்தரவு. வங்காளம் பேசுகிற வீடுகளைத் தட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் திறக்கவில்லை. சப் இன்ஸ்பெக்டர் எங்கள் ஹெல்த் போஸ்டுக்கு வந்து, சொட்டு மருந்துக்காரி கூட வந்து கூப்பிடட்டும் என்றார். அங்கே பொறுப்பில் இருக்கிற டாக்டரம்மா மாநகராட்சி வார்டு ஆபீசுக்குப் போன் போட்டார். அங்கிருந்தவர் கல்யாண் ஃபாஸ்ட் லோக்கல் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில், "கட்டாயம் ஒன்றும் இல்லை, உங்கள் மட்டத்தில் முடிவெடுங்கள்" என்று வைத்துவிட்டார்.

டாக்டரம்மா மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். நல்ல மனசு, கொஞ்சம் பயம். இப்படியே இறங்கி இறங்கி, ஆபீசில் கடைசி ஆளான என் தலையில் வந்து உட்கார்ந்தது முடிவு. "செல்வி, நான் போங்கோன்னும் சொல்லலை, போகாதீங்கோன்னும் சொல்லலை. உங்க இஷ்டம்."

சந்து முனையில்

ஒளிந்துகொள்ளப் பிடிக்கவில்லை. சப் இன்ஸ்பெக்டரிடம் முகத்துக்கு நேராகச் சொல்லலாம் என்று அவரோடு வங்காளிகள் சந்துக்குப் போனேன். அந்தச் சந்தில் ஷெஃபாலி என்று ஒருத்தி, கைக்குழந்தைக்காரி. புருஷன் பை தைக்கிறவன். எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை, சொட்டு போட அது தேவையும் இல்லை. சப் இன்ஸ்பெக்டர் "கூப்பிடு" என்றார். "இன்னைக்குக் கூப்பிட்டா, நாளைக்குப் பிள்ளைங்களுக்கு ஒரு வீடும் திறக்காது சாப். மாட்டேன்" என்றேன் ஹிந்தியில். ஒப்பந்தம் போய்விடும் என்றார். போகட்டும் என்றேன். அவரே போய்க் கை வலிக்கிற வரை தட்டினார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "உன் வாயைவிட அந்தக் கதவே பரவாயில்லை."

அடுத்த சொட்டு மருந்து நாள்

ஒப்பந்தம் இன்னும் போகவில்லை. மறுபடி அதே சந்தில் கத்தினேன். மற்ற வீடுகள் திறந்தன, ஷெஃபாலி வீடு திறக்கவில்லை. காக்கிச் சட்டைக்காரரோடு நான் நின்றதைப் பார்த்திருக்கிறாள். நாங்கள் பேசியது அவளுக்குக் கேட்டிருக்காது. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. நகரவில்லை. மருந்துப் பெட்டியை அவள் வாசலில் வைத்துவிட்டு, வெயில் ஏற ஏறக் கத்திக்கொண்டே நின்றேன்.

கடைசியில் சங்கிலி போட்டபடியே கதவு ஒரு சாண் திறந்தது. பிள்ளையின் முகத்தை மட்டும் இடுக்கில் காட்டினாள். இரண்டு சொட்டு விட்டேன். உள்ளேயிருந்து அவள் சொன்னாள்: "தீதி, பிள்ளை விஷயத்துல உங்கள நம்பறேன். என் விஷயத்துல இன்னும் நம்பிக்கை வரல."

இத்தனை வருஷ வேலையில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு அதிகாரம், அதையும் வாயை மூடிக்கொண்டுதான் செலுத்த வேண்டியிருந்தது.