என்ட்ஷுல்டிகுங் சொன்னால் ஓடு

ஜெர்மனியில், பான் நகரிலிருந்து பாட் நொயனாருக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்கூடப் பிடிக்காது. நாடு முழுக்கச் செல்லும் மாதச் சீட்டு எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இருந்ததால் தனியாகக் காசு கொடுக்கவும் வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு கிட்ட இருக்கும் ஊருக்கு, பானில் குடியேறி இருபத்தாறு வருடமாகியும் நான் போனதில்லை. பெயரைக் கேட்டால் அறுபத்துமூவரில் சேர்க்காமல் விட்ட ஒரு நாயனார் மாதிரி இருக்கும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் என் வீட்டுக்காரர் ஒரு வருடமாக, மாதத்தின் முதல் ஞாயிறு தோறும் அங்கே போய் வந்திருக்கிறார். அது எனக்குப் போன மாதம்தான் தெரியவந்தது.

வேலைத்தலத்து ஆட்களோடு காட்டுக்குள் நடக்கப் போவதாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தார். ஒரு வருடமாகக் காடு மேடெல்லாம் நடந்த மனிதனின் சப்பாத்தில் பொட்டுச் சேறு இல்லை. திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன இது என்று கேட்டேன். மனிதன் பிடரியைச் சொறிந்துகொண்டு, "நான் காசு வைச்சுப் போக்கர் விளையாடப் போறனான்" என்றார்.

நான் கத்தத் தொடங்கினேன். டோர்ட்முண்டில் என் தங்கையின் புருஷன் சூதாட்ட மெஷினுக்கு முன்னால் குந்தியிருந்தே ஒரு பலசரக்குக் கடையைத் தின்று முடித்தவர். அவரும் முதலில் நடக்கப் போவதாகத்தான் சொன்னார்.

"கத்தாதையும். ஒருக்கா வந்து பாரும். பாத்திட்டு என்னவெண்டாலும் சொல்லும்," என்றார் இவர்.

சரி, பார்ப்போம் என்று நவம்பர் மாதத்து முதல் ஞாயிறன்று மதியம் வெளிக்கிட்டேன். தங்கையின் புருஷனிடம் கண்டதை இவரிடமும் கண்டால் வீட்டுக்குத் திரும்புவதில்லை, கொலோனில் இருக்கும் மகளிடம் போவது என்று முடிவெடுத்திருந்தேன். கைப்பையின் அடியில் மாற்றுடுப்பு வைத்திருந்தேன். இவருக்குச் சொல்லவில்லை. மேலே மீன் ரோல்ஸ் டப்பா இருந்தது. சண்டைக்குப் போனாலும் சாப்பாடு கட்டாமல் போக எங்களுக்குத் தெரியாதே!

வண்டி புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் இடது பக்கம் ரைன் ஆறு வந்தது. அக்கரையில் மலை, மலையில் பாதியைப் பனிப்புகார் மூடியிருந்தது. ரேமாகன் தாண்டி வண்டி ஆற்றை விட்டு வலப்புறமாகத் திரும்பி, ஆர் என்ற சின்ன ஆற்றின் பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. சரிவெல்லாம் வைனுக்குத் திராட்சை வளர்க்கும் முந்திரிகைத் தோட்டம். இலைகள் மஞ்சளும் சிவப்புமாய்ப் பழுத்திருந்தன. சில வருடங்களுக்கு முன் வெள்ளம் அடித்துக்கொண்டு போன இடம் இது. வீடுகள் பல புதுச் சுண்ணாம்போடு நின்றன, சில இன்னும் வெறுஞ் சுவராய் நின்றன. பார்க்க அழகுதான். ஆனால் அழகைப் பார்க்கும் மனநிலையில் நான் இல்லை.

இவர்தான் வழி முழுக்கக் கதைத்துக்கொண்டு வந்தார். வீட்டில் உப்புக் குறைவு என்று சொல்லக்கூட வாய் திறக்காத மனிதன்!

"இஞ்ச பாரும், சின்னக் காசுக்கு விளையாடுற மேசையிலை காட்ஸைவிட ஆக்களைத்தான் பாக்க வேணும். வயசு போன ஆக்கள் சத்தமில்லாமல் இருந்திட்டுக் காசைக் கூட்டினால், கையிலை சாமான் இருக்கெண்டு அர்த்தம். நாங்கள் ஓடிவிட வேணும்."

"கை நடுங்கினால்?"

"பயம் எண்டு நினைப்பீர். இல்லை. நல்ல காட்ஸ் வந்த சந்தோசத்திலைதான் நடுங்கும். குடிச்சிட்டுச் சிரிச்சுக் கதைக்கிறவர் எல்லா ஆட்டத்துக்கும் வருவார். காதுக்குள்ளை பாட்டுக் கேக்கிற மிசினை மாட்டிக்கொண்டு இருக்கிற பெடியள் வீடியோ பாத்துப் படிச்சவங்கள், நல்ல காட்ஸ் இல்லாமலும் துணிஞ்சு பொய் அடிப்பாங்கள்."

"இவ்வளவு சட்டம் வைச்சிருக்கிற நீங்கள் என்ன வெண்டு கிழிச்சனீங்கள்?" என்று கேட்டேன். இறங்குற இடம் வந்திட்டுது என்று இவர் எழுந்து கதவடிக்குப் போனார்.

நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. தெருவெல்லாம் ஊன்றுகோல் பிடித்து நடக்கும் கிழவர் கிழவிகள், மருந்துக்கடைகள், கேக் கடைகள். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் எனக்கு ஞாயிறு லீவிலும் வேலைக்கு வந்தது போலிருந்தது. சூதாட்ட மாளிகை வாசலில் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள். உள்ளே ஒரு கோப்பி மூன்று யூரோ எண்பது சதம். சுற்றுலாவாகப் போகிறவர்கள் வெளியிலேயே குடித்துவிட்டுப் போவது நல்லது.

அங்கே இருந்ததில் ஆகச் சின்னத் தொகைக்கு ஆடும் மேசை இவருடையது. எட்டுப் பேர் இருந்தார்கள். சீட்டுப் போடும் பெண்ணிடம் கேட்டு, இவருக்குப் பின்னால் ஒரு கதிரையில் என்னை இருக்கவிட்டார்கள். மேசையில் ஜெர்மன் மட்டும்தான் பேசலாம், தமிழில் வாய் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆட்டம் விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. முன்னூற்று நாலு விளையாடி வளர்ந்த சனத்துக்கு எந்தச் சீட்டாட்டம்தான் விளங்காது? ஆளுக்கு இரண்டு சீட்டு ஒளித்து வைத்திருப்பார்கள், நடுவில் ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொதுவாக விரிப்பார்கள். ஒருவர் காசைக் கூட்டினால் மற்றவர் அதே காசை வைத்து அவருடைய சீட்டைப் பார்க்கலாம், பயமென்றால் தன் சீட்டை எறிந்துவிட்டு விலகலாம், அதுதான் ஓடுவது.

நான் சீட்டைப் பார்க்கவில்லை. இவருடைய முகத்தைத்தான் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கையின் புருஷனுக்கு மெஷினுக்கு முன்னால் கண் சிமிட்டாது, கூப்பிட்டால் காது கேட்காது. இவரோ சீட்டை எடுப்பார், பார்ப்பார், எறிவார். திரும்ப எடுப்பார், எறிவார். நடுவில் என்னைத் திரும்பிப் பார்த்துக் கோப்பி வேணுமோ என்று கண்ணால் கேட்பார். ஒன்றரை மணி நேரத்தில் இவர் காசு வைத்ததை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

இவர் சொன்ன சட்டங்களையும் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த ஹெர் வேபர் (ஹெர் என்றால் எங்கள் திரு) என்ற ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதி ஒரு தரம் காசைக் கூட்டினார், எல்லோரும் ஓடினார்கள். சிரித்துக்கொண்டு இரண்டு ஏஸ் சீட்டுகளைக் காட்டினார். அது சரி. காதில் மாட்டிக்கொண்டிருந்த பெடியன் லூக்காஸிடம்தான் சட்டம் பிழைத்துப் போனது. துணிவாவது பொய்யாவது, யார் கூட்டினாலும் முதலில் ஓடியவன் அவன். காதுக்குள் கால்பந்து வர்ணனை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்!

இடைவேளை விட்டார்கள். கூடத்தில் டப்பாவைத் திறந்து இவருக்கு ஒரு ரோல் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற மனிதர்களுக்கு நீட்டாமல் தின்ன முடியுமா? ஹெர் வேபருக்கும் லூக்காஸுக்கும் கொடுத்தேன். இவர் கை கழுவப் போனார். ஹெர் வேபர் ஒரு கடி கடித்து, உறைப்பில் கண் கலங்கி, இன்னொரு கடியும் கடித்தார்.

"உங்கள் கணவரை எங்களுக்கு நிறையப் பிடிக்கும்," என்றார். "ஆனால் அவரிடம் காசு வெல்லவும் முடியாது, அவருக்குக் காசு கொடுக்கவும் முடியாது."

"ஏன்?"

"நல்ல சீட்டு வந்தால் மட்டும்தான் காசு வைப்பார். வைக்கும்போது எங்களிடம் 'என்ட்ஷுல்டிகுங்' என்று மன்னிப்பும் கேட்பார். இந்த மேசையில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் அது. ஹெர் சிவா மன்னிப்புக் கேட்டால், ஓடு!"

லூக்காஸ் வாய் நிறைய ரோலோடு தலையாட்டினான். "ஒரு நூறு யூரோவோடு வருவார். ஏறக்குறைய அதே நூறோடு போவார். ஒரு வருடமாக அப்படித்தான்."

அட கோதாரி! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அகதியாக வந்த நாளில் இவர் முதலில் பாடமாக்கிய ஜெர்மன் சொல் அது. பஸ்ஸில் யாராவது இவருடைய காலை மிதித்தாலும் இவர்தான் அதைச் சொல்வார். அடுத்தவரின் காசை எடுக்கப் போகிறோமே என்ற கூச்சத்தில் இங்கேயும் சொல்லியிருக்கிறார். தங்கையின் புருஷன் எங்கே, இவர் எங்கே! வீட்டில் ஒரு கறிவேப்பிலைக் கட்டு வாங்க மலிவு தேடி மூன்று கடை ஏறி இறங்கும் கசவாரம், சூதாட்ட மேசையிலும் அதே கசவாரமாகத்தான் இருந்திருக்கிறார். மலசலகூடத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டு ஆசை தீர அழுதேன். ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது.

வெளியே வந்ததும் வாய் சும்மா இருக்குமா? மேசைக்குத் திரும்பும் வழியில் இவரைப் பிடித்து, "இஞ்சாருங்கோ, நீங்கள் ஆக்களைப் படிக்கிறீங்களாம். அவையள் உங்களைப் பாடமாக்கி வைச்சிருக்கினம்," என்று எல்லாவற்றையும் சொன்னேன். இவர் அப்படியே நின்றார். காது சிவந்தது. பிறகு போய்த் தன் கதிரையில் இருந்தார்.

அரை மணி கழிந்திருக்கும். இவர் சீட்டைத் தூக்கினார். நானும் பார்த்தேன். இரண்டும் ஏழும், ஒரே இனமும் இல்லை. குப்பை. எறிவார் என்று பார்த்தால் எறியவில்லை. நடுவில் விரித்த ஐந்திலும் இவருக்கு உதவ ஒன்றும் இல்லை. ஹெர் வேபரும் லூக்காஸும் இன்னும் ஆட்டத்தில் இருந்தார்கள். இவர் முன்னால் இருந்த காசு வில்லைகளில் பாதியைத் தள்ளினார். தலையைக் குனிந்து, அதே கூச்சத்தோடு, "என்ட்ஷுல்டிகுங்" என்றார்.

முதியோர் இல்லத்தில் கசப்பு மருந்தை இனிப்பென்று சொல்லிக் கொடுக்கும்போது வைத்திருக்கும் முகத்தை வைத்துக்கொண்டேன். லூக்காஸ் உடனே எறிந்தான். ஹெர் வேபர் தன்னிடமிருந்த இரண்டு ராணிகளைக் காட்டி, "கேட்டீர்களா, மன்னிப்புக் கேட்டுவிட்டார்," என்று பெருமூச்சு விட்டு எறிந்தார். இவர் காசை வழித்தெடுத்தார். முகத்தில் ஒரு மயிர்கூட அசையவில்லை.

இருட்டத் தொடங்கும்போது எழுந்து, எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். எழும்புங்கோ என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரயிலில் முந்திரிகைத் தோட்டமெல்லாம் கறுப்பாகப் பின்னால் போயின. எனக்கு உடம்பு லேசாகியிருந்தது, பசித்தது, மிஞ்சிய ரோல்களைச் சாப்பிட்டேன். ஆனாலும் ஒரு சின்ன முள் குத்திக்கொண்டிருந்தது. இவ்வளவு நல்ல முகத்தோடு இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல இந்த மனிதனுக்கு வருமா?

ரேமாகன் தாண்டியதும் கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்கோ. என்னட்டை எத்தினை தரம் இப்பிடிச் செய்தனீங்கள்?"

"உம்மட்டையோ?" இவர் சிரித்தார். "உம்மட்டை ஏலாது. நடக்கப் போறன் எண்டு ஒருக்காச் செய்து பாத்தன், பிடிபட்டுப் போனன். எறியாமல், விடாமல், கடைசி மட்டும் காசு வைச்சுப் பாக்கிற ஆளுக்குப் பொய் அடிக்கக் கூடாது. சின்ன மேசையிலை அதுதான் முதல் சட்டம்."

நான் வாய்விட்டுச் சிரித்ததில் எதிரே இருந்த பெண்மணி புத்தகத்திலிருந்து தலை தூக்கிப் பார்த்தாள். பான் கிட்ட வந்தது. கைப்பையின் அடியில் கிடந்த மாற்றுடுப்புக்கு இனி வேலையில்லை என்று எழுந்து கோட்டைப் போட்டேன்.

"அடுத்த மாதம் நீங்கள் தனியப் போயிட்டு வாங்கோ," என்றேன்.

"நீர் வரேல்லையோ?"

"இல்லை. நான் ஒண்டும் பாக்க வேண்டியதில்லை."

மெய்யாகத்தான் சொல்கிறேனா, சும்மா சொல்கிறேனா என்று தெரியாமல் இவர் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். வண்டி நிலையத்தில் நின்ற பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.