பச்சை டிக்கை நம்பியவன்

மேல்விஷாரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்கவே இல்லை. கறுப்பு புர்கா, மூக்கு நுனியில் கண்ணாடி. எந்த லேப்டாப் வந்தாலும் முதலில் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டுத்தான் பேசுவார்.

சின்ன வயதில் ஆடிய வீடியோ கேமை மறுபடி ஆட ஆசைப்பட்டு, அதை ஓட்டும் எமுலேட்டர் ஒன்றை ஏதோ ஒரு சைட்டிலிருந்து இறக்கியிருந்தேன். அதோடு வந்த வைரஸ், மகளின் காலேஜ் ப்ராஜெக்டைத் திறக்கவே முடியாமல் பூட்டிவிட்டது.

"நூறு பர்சன்ட் சேஃப்னு பச்சை டிக் போட்டிருந்தாம்மா, அயோக்கியப் பய!" என்று கடையிலேயே கத்தினேன்.

"ஆன்ட்டிவைரஸ் ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லுச்சு. அது சும்மா கத்தும், ஆஃப் பண்ணிட்டுப் போடுங்கன்னு அந்த சைட்லயே எழுதியிருந்தான். பண்ணேன்."

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இன்னா வேலைண்ணா பண்றீங்க?"

"ஆம்பூர் டேனரில தோல் தரம் பிரிக்கிறேன்."

"லோடு கொண்டாரவன், லைட்டை அணைச்சிட்டு தோலைப் பாருங்கன்னா பாப்பீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "அப்போ எமுலேட்டரே கூடாதுங்கறியா?"

"அதும்மேல இன்னா குத்தம்? செஞ்சவங்களோட சொந்த சைட்ல எடுங்க. ஸ்கேன் பண்ணுங்க. கத்துனா, ஏன் கத்துதுன்னு பாருங்க. அதோட வாயை மூடாதீங்க."

ப்ராஜெக்ட் திரும்பக் கிடைக்கவில்லை. முதல் தரம் என்று முத்திரை குத்திய தோலைக்கூடப் புரட்டிப் பார்க்காமல் எடுக்காதவன் நான். அந்த சைட்காரனைத் திட்ட இன்றும் வாய் துடிக்கிறது. ஆனால் திட்டத் தொடங்கும்போதெல்லாம், கண்ணாடிக்கு மேலாக அந்தப் பார்வை வந்து நிற்கிறது. அணைக்கச் சொன்னவன் அவன்தான், அணைத்தவன் நான்.