பெட்டி சொன்ன ஏழு நாற்பது

லேக் மார்க்கெட்டில் காபிப்பொடிக் கடையின் பக்கவாட்டில் ஒரு மரப்படி இருக்கிறது. அதில் ஏறினால் செல்வராணியின் வேலையறை. வங்காளிகள் அவளை ராணிதி, ராணி அக்கா, என்பார்கள். தமிழ் வீடுகளில் பெட்டி ராணி. இரண்டு பெயருக்கும் அவள் திரும்பிப் பார்ப்பாள்.

தூத்துக்குடியிலிருந்து வங்காளத்துக்கு வந்து இருபத்துநான்கு வருஷம் ஆகிறது. கணவன் மணிவேலுக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், ஒரு கேபிள் ஆபீசில் புகார் எழுதிக்கொள்ள உட்கார்ந்தாள். ‘படம் வரவில்லை’, ‘சத்தம் வரவில்லை’ என்று நாள் முழுக்க எழுதியவளுக்கு, ஏன் வரவில்லை என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஆள் வராத ஒரு நாள் தானே மாடி ஏறிப் போய்ச் சரிசெய்துவிட்டு வந்தாள். பிறகு புகார் எழுத வேறு ஆள் வைத்தார்கள்.

கேபிள் டிவியில் டிஜிட்டல் வந்தது. வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. சில வருஷத்தில் அந்தப் பெட்டிகளைக் கொடுத்த கம்பெனி மூடிப்போக, அவை மாடிப்படிகளுக்கு அடியில் செங்கல் மாதிரி அடுக்கிக் கிடந்தன. உள்ளே இருந்த மென்பொருள் கம்பெனியோடு பூட்டிக்கொண்டுவிட்டது. பெட்டியில் ஒரு குறையும் இல்லை. அதுதான் செல்வராணிக்குப் பொறுக்கவில்லை. மூடியைக் கழற்றி, பலகையில் மூன்று கம்பிகளைப் பற்றவைத்து, லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தாள். பெட்டி விழித்தெழும்போது தான் செய்வதையெல்லாம் வரிவரியாகச் சொல்லிற்று. அன்று அவள் சாப்பிடவில்லை.

பழைய மென்பொருளை அழித்துவிட்டு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை ஏற்றினாள். அதை உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதி எல்லார் பார்வைக்கும் வைத்திருந்தார்கள். யாரும் படிக்கலாம், மாற்றலாம். ஒன்றே ஒன்று, எந்த வரியை யார் எந்தத் தேதியில் மாற்றினார் என்பது பெயரோடு அங்கேயே நிற்கும். அந்தப் பட்டியலில் முதல்முறை தன் பெயரைப் பார்த்த அன்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். புதிய கேபிள் கம்பெனியும் அனுமதி கொடுத்தது. செத்த பெட்டிகள் மறுபடி ஓடின.

வெங்கட்ராமன் அவளிடம் வந்தது போன வருஷம். ரயில்வே கண்ட்ரோல் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம், எந்த வண்டி எந்த நிமிஷம் எங்கே என்று எழுதி ஓய்வு பெற்றவர். மனைவி வத்சலா இறந்துவிட்டாள். கண்ணில் நீரழுத்த நோய் வந்து, வெளிச்சம் கூடத் தெரியாமல் போய்விட்டது. மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் தனியாக இருந்தார். மகன் அனந்த் நியூ டவுனில், பதினாலாவது மாடியில்.

“டிவி பாக்கறது போயிடுத்து, கேக்கறதாவது இருக்கட்டும்னா, எந்த சேனல்ல இருக்கேன்னே தெரியலைம்மா” என்றார்.

பெட்டி தானே பேசும்படி செய்தாள். முதலில் போட்ட இயந்திரக் குரலைக் கேட்டு, “யாரும்மா இவன், சளி பிடிச்சவன் மாதிரி?” என்று அவர் முகம் சுளித்தார். அதனால் சேனல் பெயர்களையும் எண்களையும் தன் குரலிலேயே பதிந்தாள். சமையலறையில் உட்கார்ந்து பதிந்ததால் முப்பத்தேழு என்னும்போது மட்டும் பின்னால் குக்கர் விசிலடிக்கும்.

“உங்காத்து சாம்பார் முப்பத்தேழாம் நம்பர்ல கொதிக்கறது” என்பார் வெங்கட்ராமன்.

யாரும் கேட்காமலே இன்னொன்றும் செய்தாள். ரிமோட்டில் பூஜ்யத்தை அமுக்கினால் பெட்டி மணி சொல்லும். மகன் வாங்கிக் கொடுத்த பேசும் கைக்கடிகாரம் இங்கிலீஷில் பேசியது. அதை மேசை டிராயரில் போட்டுவிட்டு அவர் பூஜ்யத்தை அமுக்க ஆரம்பித்தார். பெட்டி சொல்லும் மணிக்கு எழுந்தார், மாத்திரை போட்டார். இரவு எட்டு மணிக்குச் சமையல்காரி மாசி ரொட்டியோடு வருவாள். அதற்கு இருபது நிமிஷம் முன்னால், ஊசிப் பேனாவின் சொடுக்குகளை விரலால் எண்ணி இன்சுலின் போட்டுக்கொள்வார். இன்னும் பதினொரு வீடுகளில் செல்வராணி அதே பெட்டியை வைத்தாள். பாதிப் பேர் பார்வை இல்லாதவர்கள்.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, அனந்த் போன் செய்தான்.

“ராணிதி, அப்பாவோட பெட்டியை வந்து எடுத்துண்டு போயிடுங்கோ. ஞாயித்துக்கிழமை அவரை எங்காத்துக்குக் கூட்டிண்டு போறேன்.”

“ஏன், என்னாச்சு?”

திங்கட்கிழமை மத்தியானம் அவர் இரவு ஊசியைப் போட்டுக்கொண்டிருக்கிறார். சாப்பாடு வரும் என்று காத்திருந்து, வராமல், நாற்காலியிலேயே நினைவு தப்பியிருக்கிறது. நாலு மணிக்குத் தேநீர் கொண்டுவந்த கீழ்வீட்டு வங்காளி அண்ணி, பௌதி, பார்த்ததால் பிழைத்தார். பகலுக்கும் இரவுக்கும் குழம்பிப் போயிருக்கிறார், மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம், தனியாக விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் அவள் போனபோது, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வெங்கட்ராமன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நாலு நாளில் கழுத்து மெலிந்திருந்தது.

“செல்வராணியா? பெட்டியை எடுத்துக்கோ. நன்னா உழைச்சுது.”

“சார், மத்தியானம் ஏன் ஊசி போட்டீங்க?”

“தூங்கி எழுந்தேன். பூஜ்யத்தை அமுக்கினேன். உன் குரல் ஏழு நாப்பதுன்னு சொல்லித்து. அடடா, இவ்வளவு நேரமா தூங்கிட்டோம்னு அவசரமா போட்டுண்டேன்.” கட்டிலின் விளிம்பைத் தடவினார். “பெட்டி அப்படிச் சொல்லலையாம். அன்னிக்கி ராத்திரி அனந்த் அமுக்கிப் பார்த்தான், சரியா மணி சொல்றது. நான்தான் கனா கண்டிருக்கேன். ஆனா காதால கேட்டேனேம்மா. கேக்காததெல்லாம் கேக்க ஆரம்பிச்சுடுத்துன்னா, அப்புறம் எதை நம்பறது?”

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அனந்த், “விடுப்பா” என்றான், மெதுவாக.

செல்வராணி பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வேலையறைக்கு வந்தாள். மூன்று கம்பிகளை மாட்டினாள். பெட்டி தன் நாட்குறிப்பைத் திறந்தது. திங்கட்கிழமைக்குப் போய் ஒவ்வொரு வரியாக இறங்கினாள். காலை பதினொன்று இரண்டுக்கு மணி ஒரே தாவாக ஐந்தரை மணி நேரம் முன்னே போயிருந்தது. மாலை ஐந்து நாற்பதுக்குத் தானாகவே திரும்பி வந்திருந்தது. மத்தியானம் இரண்டு பத்துக்கு ஒரு வரி: பூஜ்யம் அமுக்கப்பட்டது. அடுத்த வரி: ஏழு நாற்பது சொல்லப்பட்டது.

அவர் கேட்டது உண்மைதான்.

படத்தோடும் சத்தத்தோடும் கேபிள் வழியாக மணியும் வரும். அது கிரீன்விச் மணி. பெட்டி ஐந்தரை மணி நேரம் கூட்டி நம் மணியாகச் சொல்லும். திங்களன்று கேபிள் கம்பெனியில் யாரோ இயந்திரத்தை மாற்றிவைத்து, நம் மணியையே நேராக அனுப்பியிருக்கிறார்கள். பெட்டி வழக்கம்போல் இன்னொரு முறை கூட்டிவிட்டது.

ஆனால் மணி இப்படித் திடீரென்று தாவினால் நம்பக் கூடாது என்று மென்பொருளில் ஒரு காவல் உண்டு. அது ஏன் தடுக்கவில்லை? அந்தப் பகுதியைத் திறந்தாள். மின்சாரம் போய்வந்தால், அந்தக் காவல் மணியைச் சரிபார்க்கச் சில நிமிஷம் எடுத்துக்கொள்ளும். கிழவர் பூஜ்யத்தை அமுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டாமே என்று அதை எடுத்துவிட்டிருந்தாள். அந்த இடத்தில் தேதி நின்றது, பிப்ரவரி பதினேழு. பக்கத்தில் செல்வராணி என்று பெயர்.

முதலில் பதினொரு வீட்டுக்கும் போன் செய்தாள். “பூஜ்யத்த அமுக்கி மணி கேக்காதீங்க. நான் வந்து பாக்குற வரைக்கும் பெட்டி சொல்லுத மணிய நம்பாதீங்க.” ஏன் என்று கேட்டவர்களிடம், “நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்” என்றாள். அந்த வாக்கியம் பதினொரு தடவையிலும் பழகவில்லை.

மணிவேல் குளித்துவிட்டு வந்து எல்லாவற்றையும் கேட்டான்.

“ஏட்டி, மணிய மாத்தி அனுப்புனது கேபிள்காரன். நீ ஏன் போயி தலைய நீட்டுத?”

“கிரேன்ல பிரேக்க நீங்க கழத்தி வச்சிருந்து, காத்தடிச்சு பாரம் விழுந்தா, காத்து மேலயா கேசு?”

அவன் துண்டைக் கொடியில் போட்டான். “அவரு மகன் போலீசுக்குப் போனா?”

“போகட்டும்.”

“அவரு எப்படியும் மகன் வீட்டுக்குத்தான போறாரு.”

“போறாரு. ஆனா தனக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டுன்னு நெனச்சுக்கிட்டுப் போறாரு.”

ஞாயிற்றுக்கிழமை காலை, மணிவேல் தானும் கூட வருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றுவிட்டாள்.

வெங்கட்ராமன் வீட்டில் மூட்டை முடிச்சு கட்டியாகிவிட்டது. வத்சலாவின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிப் போர்வையில் சுற்றியிருந்தார்கள். அனந்த் செருப்போடு நின்றிருந்தான். வண்டி வர இன்னும் அரைமணி இருந்தது. செல்வராணி உட்காராமலே ஆரம்பித்தாள். தாவிய மணி, எடுத்துவிட்ட காவல், யார் எடுத்தது, எல்லாவற்றையும் சொன்னாள். லேப்டாப்பைத் திறந்து வைத்தாள்.

அனந்த் அந்த வரிகளை இரண்டு தடவை படித்தான். காது நுனி சிவந்துவிட்டது.

“அப்பா செத்துப் போயிருந்தா?”

அவள் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தாள்.

“சொல்லுங்கோ ராணிதி. பௌதி அன்னிக்கி வெளில போயிருந்தா என்ன பண்ணியிருப்பேள்? ஆஸ்பத்திரில நாலு நாள் நான் அவரைத் திட்டிண்டிருந்தேன். டிராயர்ல கடிகாரம் இருக்கு, ஏன் கட்டிக்கலைன்னு. உங்களை யார் மணி சொல்லச் சொன்னா?”

“யாரும் சொல்லல தம்பி.”

“அனந்த், கொஞ்சம் சும்மா இரு.” வெங்கட்ராமன் கையைத் தூக்கினார். அந்தக் கையில் ஊசி குத்திய இடம் இன்னும் நீலமாக இருந்தது. “எத்தனை மணிக்குத் தாவித்துன்னே?”

“பதினொண்ணு ரெண்டுக்கு, சார்.”

“நான் அமுக்கினது?”

“ரெண்டு பத்துக்கு. ஏழு நாப்பதுன்னு சொல்லியிருக்கு. எழுதியிருக்கு, சார்.”

அவர் உதடு அசைந்தது. கணக்குப் போட்டார். “அஞ்சரை மணி. கூட்டினதையே மறுபடி கூட்டியிருக்கு.” பிறகு, குரல் இறங்க, “அப்போ நான் கேட்டது நிஜம்” என்றார்.

“நிஜம், சார். என் குரல்தான். நான்தான் தப்பாச் சொன்னேன்.”

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அனந்த் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கை வைத்தான். அப்பா அழுது அவன் பார்த்ததில்லை, அம்மா போன அன்று கூட. செல்வராணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகலாமா என்று தெரியவில்லை.

துண்டை எடுத்தபின் வெங்கட்ராமன் மகன் பக்கம் திரும்பினார். “உங்காத்துக்கு வரேன். உடம்பு தேறற வரைக்கும். அதுக்கப்புறம் இங்கேதான்.” பிறகு வாசல் பக்கம் திரும்பினார். “முப்பத்தைஞ்சு வருஷத்துல ஒரு தடவை நான் ஒரு வண்டியைத் தப்பான லைன்ல நிறுத்தியிருக்கேன். யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா ரிஜிஸ்டர்ல என் பேரை நானே எழுதினேன். நீயும் எழுதிட்டியா?”

“எழுதப் போறேன், சார்.”

எழுதினாள். அந்த மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் இணையத்தில் கூடும் இடத்தில், தன் இங்கிலீஷில், தான் எதை எடுத்தாள், அதனால் யாருக்கு என்ன நேர்ந்தது என்று. காவலைத் திரும்ப வைத்தாள். கூடவே இரண்டாவதாக ஒரு கடிகாரத்தையும் இணைத்தாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் பெட்டி மணி சொல்லும். ஒத்துப்போகாவிட்டால் சொல்ல ஒரு புது வாக்கியம் பதிந்தாள். இந்த முறை குக்கரை இறக்கிவைத்துவிட்டுப் பதிந்தாள். பதினொரு வீட்டில் ஏழு வீடுகள் பெட்டியை மாற்றிக்கொள்ளச் சம்மதித்தன. நான்கு வீடுகள் வேண்டாம் என்றன. அவற்றில் ஒன்று, கீழே காபிப்பொடிக் கடைக்காரர் ஜெயராமனின் வீடு. அதன்பின் அவர் படியில் எதிர்ப்பட்டால் அவள் முகத்தைப் பார்க்காமல் காபிப்பொடி மூட்டையைப் பார்ப்பார்.

மஹாளய அமாவாசைக்கு முந்தின வாரம் வெங்கட்ராமன் திரும்பி வந்தார். கையில் அந்த இங்கிலீஷ் கடிகாரம் இருந்தது. அனந்த்தின் நிபந்தனை. பகலிலும் மாசி கூட இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. பெட்டியை மாட்டச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்.

“முதல்ல அதுக்குத் தப்பான மணி குடு” என்றார்.

செல்வராணி ஒரு கடிகாரத்தை ஐந்தரை மணி நேரம் தள்ளிவைத்துவிட்டு ரிமோட்டை அவர் கையில் கொடுத்தாள். அவர் விரலால் தடவிப் பூஜ்யத்தைக் கண்டுபிடித்து அமுக்கினார்.

“மணி எனக்குச் சரியாத் தெரியல” என்றது பெட்டி, செல்வராணியின் குரலில். “யாரையாவது கேளுங்க.”

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி உரக்க மணி கேட்டார்.

“மாசி, கொட்டா பாஜே?”

பாத்திரம் உருளும் சத்தத்துக்கு நடுவே மாசி பன்னிரண்டு ஐந்து என்று வங்க மொழியில் சொன்னாள். அவர் கைக்கடிகாரத்தைக் காதோரம் வைத்து அதையும் ஒரு தடவை கேட்டுக்கொண்டார்.