விண்வெளிக்கு ஒரு பொட்டு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். விண்வெளிக்குப் போக வேண்டிய ஒரு பொருளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தபோது பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்த இன்ஜினியர் நான்தான். அந்தப் பொருளின் மேல் தூசிகூடப் படக் கூடாது என்று எனக்குத் தெரியும். படக் கூடாது என்று நானே எட்டுப் பக்கம் எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பி, அதற்காக நிதியும் வாங்கியிருந்தேன்.

திருநெல்வேலிக்கு வெளியே, முக்கூடல் பஸ் போகிற ரோட்டை ஒட்டிய தொழிற்பேட்டையில் கடைசிக்கு முந்தின ஷெட் என்னுடையது. விண்வெளிக்கு வேண்டிய புதுப் பொருள்களைச் சின்னக் கம்பெனிகள் ஆராய்ந்து செய்துகாட்டினால் அரசாங்கம் கை கொடுக்கும் என்று ஒரு திட்டம் வந்தது. சென்னையில் ஒரு ரப்பர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், கிடைக்காது என்ற நம்பிக்கையில் விண்ணப்பம் போட்டேன். கிடைத்துவிட்டது. என் வாழ்க்கையில் நம்பிக்கை மோசம் போன இடங்களில் அதுவும் ஒன்று.

ராக்கெட் கிளம்பும்போது ஏற்படுகிற நடுக்கம் செயற்கைக்கோளின் கருவிகளுக்குப் போகாமல் தாங்கிக்கொள்ளும் சிலிகோன் திண்டு. நான் செய்தது அதைத்தான். உள்ளங்கையில் பாதி இருக்கும். பழுப்பு நிறம், பளபளப்பு, தொட்டால் ஆடும். திருநெல்வேலியில் உட்கார்ந்து இப்படி ஒன்றைச் செய்துவிட்டு அதை அல்வா என்று சொல்லாதீர்கள் என்றால் யார் கேட்பார்கள்? போஸ்ட்மேன் சொன்னார். மீட்டர் பார்க்க வந்தவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து கை கொடுக்கும்போது பாதிரியார் ஐயரே சொன்னார். அந்த ஜோக்கை முதலில் கிளப்பிவிட்டவன் நான் என்பது மட்டும் யாருக்கும் நினைவில்லை.

மனைவிக்குச் சென்னையில் பள்ளிக்கூட வேலை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. “ஒரு வருஷம்தான். பரிசோதனையில் தேறிவிட்டால் இரண்டாம் கட்ட நிதி வரும், நீங்கள் ரெண்டு பேரும் இங்கே வந்துவிடலாம். தேறாவிட்டால் ஷெட்டைப் பூட்டிவிட்டு நான் அங்கே வந்துவிடுகிறேன்” என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். பாளையங்கோட்டையில் அப்பா விட்டுப்போன வீட்டில் நான் மட்டும். ஷெட்டிலும் நான் மட்டும்.

மாதம் ஒருமுறை ஆராய்ச்சிக் குழு கூடிப் பேசி, அந்தக் கூட்டத்தின் குறிப்பை அனுப்ப வேண்டும் என்பது திட்டத்தின் விதி. குழுத் தலைவர் நான். குழுவும் நான். ஒவ்வொரு மாதமும் உட்கார்ந்து எழுதுவேன்: ‘தலைவர் வரவேற்றார். முன்னேற்றம் விவாதிக்கப்பட்டது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.’ ஒரு மாதம், ‘கருத்து வேறுபாடு எழுந்தது’ என்று எழுதிப் பார்த்தேன். அதற்கும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனி மாதக் காற்று ஷெட்டின் தகரத்தைப் பிய்த்துவிடுகிற மாதிரி அடிக்கும். புழுதி உள்ளே வரக் கூடாது என்று ஜன்னலுக்கெல்லாம் டேப் ஒட்டி, நடுவில் பிளாஸ்டிக் திரையால் ஒரு அறை கட்டியிருந்தேன். அதற்குள் தொப்பி, கையுறை, வெள்ளை அங்கி. வெளியிலிருந்து பார்த்தால் போஸ்ட்மார்ட்டம் நடக்கிற மாதிரி இருக்கும். கடன் வேண்டுமா என்று கேட்டுப் போன் செய்த ஒரு பெண்ணுக்குச் சிலிகோனைப் பற்றி ஆறு நிமிஷம் விளக்கினேன். பாவம், மூன்று தடவை “ஓகே சார்” என்றாள். அந்த வாரம் என் ஆராய்ச்சியைப் பற்றி நடந்த விவாதம் அவ்வளவுதான்.

பக்கத்து ஷெட்டில் ஒரு அண்ணாச்சி லேத் வைத்திருந்தார். வாழைத் தோட்டத்து மோட்டார்களுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பவர். ஸ்ரீவைகுண்டத்திலிருந்துகூட அவரைத் தேடி ஆள் வரும். பதினொரு மாதத்தில் எங்களுக்குள் இருந்த பேச்சு இதுதான்:

“என்னவே, கரண்ட் இருக்கா?”

“இருக்கு அண்ணாச்சி.”

“அப்ப எனக்குத்தான் போயிட்டு.”

முதல் மூன்று திண்டுகளைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டிய வெள்ளிக்கிழமை காலையிலும் அவர் கரண்டைக் கேட்டுத்தான் வந்தார். தட்டில் இருந்ததைப் பார்த்துவிட்டார்.

“இன்னைக்கி அனுப்புதீரா?”

“ஆமா அண்ணாச்சி.”

“மொத உருப்படிய வெறுமனயா அனுப்புவாவ?”

“நாங்க வேதக்காரங்கல்லா அண்ணாச்சி, சர்ச்சுக்குப் போறவங்க.”

“நீரு வேதம்னா சாமான் என்னவே செய்யும்? இரும், வாரேன்.”

லேத்திலிருந்து எது முதல் தடவை இறங்கினாலும் பொட்டு வைக்காமல் அவர் வெளியே விட்டதில்லை. சின்னக் கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு, காகிதத்தில் குங்குமத்தோடு வந்தார். என் வாசலில் செருப்பைக் கழற்றினார். செருப்பைக் கழற்றவும் என்று நான் எழுதி ஒட்டிய நாளிலிருந்து அதை மதித்த முதல் ஆள். கட்டைவிரலில் சந்தனம், அதற்கடியில் முப்பது வருஷத்துக் கிரீஸ். ஒவ்வொரு திண்டுக்கும் அழுத்தி வைத்தார். பிறகு கண்ணை மூடிக் கும்பிட்டு நின்றார்.

என் வேலைக்காக இன்னொரு மனிதர் கண்ணை மூடி நின்று நான் அதுவரை பார்த்ததில்லை. நான் வாயைத் திறந்தால் மூட ஆள் வேண்டும் என்று என் மனைவி சொல்வாள். அன்றைக்குத் திறக்கவே இல்லை. அவரே பெட்டியில் வைத்தார், அவரே டேப் ஒட்டினார், அவருடைய பைக்கிலேயே என்னைக் கூரியர் ஆபீசுக்கும் கூட்டிக்கொண்டு போனார். பின்னால் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்திருந்தேன். வழியில் எங்காவது இறங்கித் துடைத்திருக்கலாம். இறங்கவில்லை.

பரிசோதனைக்கூடத்தில் அந்தத் திண்டை வந்தபடியே, துடைக்காமல், காற்றே இல்லாத ஒரு பெட்டிக்குள் வைத்துச் சூடாக்குவார்கள். அதிலிருந்து எதுவும் ஆவியாகி எதிரில் இருக்கிற குளிர்ந்த தகட்டில் படியக் கூடாது. விண்வெளியில் அப்படி ஆவி கிளம்பினால் கேமராவின் கண் மறைந்துவிடும். மூன்று வாரம் கழித்துப் பரிசோதனைக்கூடத்து அதிகாரி அம்மா எழுதியிருந்தார்: மூன்றும் தேறவில்லை, தகட்டில் மஞ்சளாக ஒரு படலம், பெட்டியைத் திறந்தபோது சந்தன வாசனை, தயவுசெய்து விளக்கவும்.

விளக்கினேன். எட்டுப் பக்கம் எழுதியவனுக்கு இந்த நாலு வரி லேசில் வரவில்லை. சாக்குச் சொல்லாமல் உண்மையை எழுதியதாலோ என்னவோ, இன்னும் ஒரே ஒரு முறை அனுப்பலாம் என்று பதில் வந்தது. அதுவும் தேறாவிட்டால் திட்டத்தை முடித்துக்கொள்வார்கள்.

இதற்குள் இன்னொன்று நடந்திருந்தது. அண்ணாச்சி தினமும் நாலு மணிக்கு இரண்டு டம்ளரில் டீ வாங்கிக்கொண்டு வர ஆரம்பித்திருந்தார்.

“நம்ம சாமான் பாஸாயிட்டா வே?”

நம்ம சாமான். அந்த வார்த்தைக்குப் பிறகு எப்படிச் சொல்வது? “இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காவ அண்ணாச்சி” என்று நாளுக்கு ஒரு பொய். வள்ளியூரிலிருந்து ஷாஃப்ட் வாங்க வந்த ஒருவரிடம் என்னைக் காட்டி, “நானும் இவருமா ராக்கெட்டுக்கு ஒண்ணு செய்யுதோம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னால் டீ நின்றுவிடும். என் நாளில் மனிதக் குரல் கேட்கிற நேரம் அந்த நாலு மணி மட்டும்தான். அதைச் சந்தனத்தோடு துடைத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. மனைவிகூட, “இப்பெல்லாம் போன்ல ரொம்ப அறுக்குறதில்லையே, நல்லா இருக்கீங்களா?” என்றாள்.

கடைசி மூன்று திண்டுகளைச் செய்து முடித்தேன். சத்தமில்லாமல் அனுப்பிவிடலாம் என்று பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம். கையில் அதே கிண்ணம்.

“ரெண்டாவது ஈடா வே? சொல்லவே இல்ல.”

பிளாஸ்டிக் திரைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். தொப்பி, அங்கியோடு, பஸ்ஸை மறிக்கிற கிறுக்கன் மாதிரி. அப்படியே நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். தகடு, படலம், வாசனை, ஒன்றரை மாதமாகச் சொன்ன பொய்கள், இது தோற்றால் நான் ஊரை விட்டுப் போகவேண்டும் என்பது, எல்லாம். நடுவில் ஒரு ஜோக்கும் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

கிண்ணத்தை ஜன்னல் விளிம்பில் வைத்தார். கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைக் கைலியில் துடைத்துக்கொண்டு, வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். திரும்பாமலே சொன்னார்:

“அன்னைக்குப் பொட்டு வைக்கும்போதே சொல்லியிருக்கலாம்லா வே.”