கீரி அக்காவின் கொப்பி

ஜெயபுரத்தில் எங்கள் வகுப்பில் ஒரு கொப்பி கைமாறிக்கொண்டே இருந்தது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து என் பக்கத்தில் இருந்த ஒருத்தி அதில் படம் கீறுவாள். எல்லாம் மிருகங்கள், ஆனால் மனிதரைப் போல உடுத்து வாழ்ந்தவை. பூப்போட்ட சட்டையோடு சைக்கிள் மிதித்து, அரிசி வாங்கக் கூப்பன் கடைக்குப் போகும் கீரி அக்காவைத்தான் எல்லோருக்கும் பிடிக்கும். வரிசையில் அவளுக்கு முன்னால் எருமை மாஸ்டர் நின்று பேப்பர் வாசிப்பார்.

கொப்பியின் கடைசிப் பக்கங்களில் வாசித்தவர்கள் எழுதினார்கள். "கீரி அக்கா நாளைக்கு எங்க போறா?" "அவாவுக்கு ஒரு மாப்பிளை பாருங்கோ." சிலர் தங்களுக்கும் ஒரு மிருகம் கேட்டார்கள். என்னை அவள் உடும்பாகக் கீறினாள். எனக்கு ஒரு கோடுகூட நேராக வராது. பென்சில் சீவிக் கொடுப்பதுதான் என் வேலை.

ஒரு மாரியில் அவளுடைய குடும்பம் புளியங்குளம் பக்கம் புறப்பட்டது. ட்ரக்டர் பெட்டியில் சாமான் ஏற்றும்போதே மழை. ஓடிவந்து கொப்பியை என் கையில் திணித்தாள்.

"நனைஞ்சு போயிடும். நீ வைச்சிரு, வந்து வாங்கிறன்."

அவள் வரவில்லை. சில வருடங்களில், வன்னியை விட்டு வெளியேறப் பாஸ் எடுத்து நான் வவுனியாவுக்கு வந்தபோது சான்றிதழ்களுக்கு நடுவே கொப்பியும் வந்தது. ஒரு கம்பியூட்டர் கடையில் வேலை கிடைத்தது. அங்கேதான், மிருகங்களை மனிதராகக் கீறுகிறவர்கள் கூடும் ஓர் இணையத்தளத்தைக் கண்டேன். எந்தெந்த நாட்டுக்காரரோ, ஆளுக்கொரு மிருகம். கீரி அக்காவை ஸ்கான் பண்ணிப் போட்டேன். யார் கீறியது என்று கேட்டார்கள்.

நான் என்று எழுதினேன்.

பாராட்டு வந்து குவிந்தது. ஒருவர் கீரி அக்காவுக்குப் பனிக்கோட்டுப் போட்டுக் கீறி, எனக்குப் பரிசென்று தளத்தில் போட்டார். புதிதாக ஒன்று கீறச் சொன்னபோது கைவலி என்று சாட்டுச் சொன்னேன்.

அந்த வருடமே சந்தையில் அவளைக் கண்டேன். தையல் கடையில் வேலையாம். கையைப் பிடித்தபடி கேட்டாள்.

"அந்தக் கொப்பி இருக்கோ?"

அது அப்போது என் மேசை லாச்சியில் இருந்தது.

"இடம்பெயரேக்க துலைஞ்சு போச்சு."

"ஓம், ஆருக்குத்தான் எது மிஞ்சினது? நீ சுகமா இருக்கிறாய், அது காணும்."

"இப்பவும் கீறுறியோ?"

"துணியில அளவுதான் கீறுறன்" என்று சிரித்தாள்.

மறுநாள் தளத்தில் உண்மையை எழுதினேன். பரிசு தந்தவர் தன் படத்தைத் தளத்திலிருந்து நீக்கிவிட்டார். ஒருவர் மட்டும் மறுமொழி போட்டார்: கீறியவரின் பெயரைச் சொல்லுங்கள், படத்தின் கீழே போடுவோம். பெயர் போட அவளிடம் சம்மதம் கேட்க வேண்டும். கேட்டால் கொப்பி இருப்பது தெரிந்துவிடும்.

தையல் கடை வாசல்வரை இரண்டு முறை கொப்பியோடு போய்த் திரும்பினேன். மூன்றாம் முறை உள்ளே போனபோது அவள் இல்லை. குடும்பத்தோடு மன்னாருக்குப் போய்விட்டாளாம்.

"விலாசம் தாறன், எழுதுங்கோவன்" என்றார் கடைக்கார அக்கா.

"வேண்டாம் அக்கா" என்றேன். தெருவில் இறங்கியபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. பொய் சொன்னதைவிட அந்த ஆறுதல்தான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.