சொல்லுங்க அம்மணி

எங்கள் பக்கத்தில் 'ங்க' போடாமல் யாரும் பேச மாட்டார்கள். நாயை விரட்டுவதற்குக்கூட ஒரு 'ங்க' சேர்ப்போம் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். அந்த மரியாதையைப் பற்றிப் பெருமை பேசும் கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம். அதைக் கேட்டால் இன்றைக்கும் என் கண் முதலில் வாசலைத் தேடும்.

என் அப்பா மேட்டுப்பாளையத்தில் ஓர் உருளைக்கிழங்கு மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தார். அங்கே அவருக்கு நல்ல பெயர். "அவரு வாயில ஒரு தப்பு வார்த்தை வராதுங்க" என்பார்கள். உண்மைதான், வீட்டிலும் வந்ததில்லை. சாதாரண நாளில் என்னிடம் 'வா, போ' என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் குரல் இறங்கும், மரியாதை ஏறும். "ஏனுங்க அம்மணி, கொஞ்சம் இங்க வாங்க" என்பார். போனால் பெல்ட்டு. ஒவ்வோர் அடிக்கும் நடுவில், "சொல்லுங்க அம்மணி, இனிமே செய்வீங்களா?" என்று கேட்பார். என்ன செய்தேன் என்பதே பாதி நாள் எனக்குத் தெரியாது.

நாலாம் வகுப்பு வரை படிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வாத்தியார் கத்துகிறவர். "ஏ கழுதை, எந்திரி!" என்பார். எழுந்து கடகடவென்று ஒப்பிப்பேன். கத்துகிறவர்கள் அடிக்க மாட்டார்கள் என்று நான் நம்பியிருந்தேன்.

ஐந்தாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம். தங்கமான மனுஷி, பிரம்பையே தொடமாட்டார். என் முகத்துக்கு நேராகக் குனிந்து, "சொல்லுங்க அம்மணி, ஆறு பதினாறு எவ்வளவு?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஆறு போச்சு, பதினாறும் போச்சு. என் பெயரைக் கேட்டிருந்தாலும் விழித்திருப்பேன். பாவம், அவர் இன்னும் கனிவாகக் கேட்டார். அவர் கனியக் கனிய எனக்கு மோசமாகிக்கொண்டே போனது.

அரைப் பரீட்சைக்குள் நான் மண்டையில் ஒன்றும் ஏறாத பிள்ளை ஆகிவிட்டேன். அம்மா வல்லாரைக் கீரையைத் துவையலாகவும் சட்னியாகவும் அரைத்து ஊட்டினார். ஒரு பாத்தி வல்லாரையாவது என் வயிற்றுக்குள் போயிருக்கும். அப்பாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

ரொம்ப வருடம் கழித்து ஒரு பத்திரிகையில் மூளையைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். பயந்தால் உடம்பில் ஏதோ சுரக்குமாம். அந்த நேரத்தில் தெரிந்ததுகூட நினைவுக்கு வராதாம். சின்ன வயதில் ஓயாமல் சுரந்தால், நினைவைச் சேர்த்து வைக்கும் பகுதியின் வளர்ச்சியே பாதிக்கப்படலாமாம். படித்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. பழுதான சாமானைப் பற்றிப் பேசுவது போல என் மண்டையைப் பற்றிப் பேசியிருந்தார்கள். நானா மறதிக்காரி? அப்பா சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று சொல்வேன். சட்டையை ஆணியில் மாட்டினால் பிழைத்தோம், கட்டிலில் வீசினால் தொலைந்தோம். இதையெல்லாம் எனக்கு யாரும் வாய்ப்பாடு போட்டுச் சொல்லித் தரவில்லை. என் மூளை தூங்கவே இல்லை, காவலுக்கு நின்றுகொண்டிருந்தது. காவல்காரனைப் பிடித்துக் கணக்குக் கேட்டால் அவன் என்ன செய்வான்?

வருடக் கடைசியில் டீச்சர் அப்பாவை வரச் சொன்னார். வகுப்பறையில் நாங்கள் மூன்று பேர்தான். அப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பணிவாக நின்றார்.

"மண்டையில ஏறலீன்னா உட்டுப்போடலாமுங்க டீச்சர். இதோட நிறுத்திப்போட்டு பாக்கு உரிக்க அனுப்பிப்போடறனுங்க."

எங்கள் தெருவில் பாக்கு உரிக்கப் போன பிள்ளைகள் யாரும் பள்ளிக்கூடம் திரும்பியதில்லை. டீச்சருக்கும் வேறு வழி தெரியவில்லை போலிருக்கிறது. கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்ப்போம் என்று என் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்க அம்மணி, ஆறு பதினாறு?"

"ஆமாங்க, சொல்லுங்க அம்மணி" என்றார் அப்பா, மெதுவாக.

இரண்டு பக்கமும் அதே வார்த்தை. எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ.

"அப்பாவ வெளிய போகச் சொல்லுங்க டீச்சர். நீங்களும் என்னை 'ங்க' போட்டுக் கூப்புடாதீங்க. கழுதைன்னு திட்டிக் கேளுங்க, சொல்றேன்."

"ஏங் கண்ணு இப்பிடிச் சொல்றே?" என்றார் டீச்சர்.

"அடிக்கறப்ப அப்பா அப்பிடித்தான் கூப்புடுவாருங்க."

அப்பா சிரித்தார். "சும்மா சொல்லுதுங்க டீச்சர்."

டீச்சர் என் கையைப் பிடித்து, பாவாடைச் சட்டையின் கையை மேலே தள்ளிப் பார்த்தார். பெல்ட்டுத் தடம் வரிவரியாக இருந்தது. பிறகு அப்பாவைப் பார்க்காமலே, "நீங்க வெளிய நில்லுங்க" என்றார்.

அப்பா போனதும் என்னிடம் திரும்பினார். திட்டிப் பழக்கமில்லாத வாய். "ஏ... கழுதை" என்று திக்கிச் சொன்னார். "ஆறு பதினாறு எவ்வளவு?"

"தொண்ணூத்தாறு!" என்று கத்தினேன். அதோடு நிறுத்தவில்லை. ஒரு பதினாறில் தொடங்கி, பதினாறு பதினாறு இருநூற்று ஐம்பத்தாறு வரைக்கும், வாசலில் நிற்கிறவர் காதில் விழட்டும் என்றே தொண்டை கிழியச் சொன்னேன்.

டீச்சர் வாசலுக்குப் போனார். "பிள்ளை ஆறாவதுக்குப் போகுதுங்க. இனி அது மேல கை பட்டுதுன்னா நா உங்க மண்டிக்கே வருவனுங்க" என்றார். எடை போடுகிற மனிதருக்கு அந்த வார்த்தையின் எடை தெரிந்திருக்கும்.

அன்று வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை, வராமலே போகட்டும். ஆறாம் வகுப்பில் முதல் நாள் எங்கே உட்கார்ந்தாய் என்று கேளுங்கள். ஜன்னல் ஓரம், இரண்டாவது பெஞ்சு.