கணுக்கால் பார்க்கும் தவமணி

யாரையும் சட்டென்று வேனில் ஏற்றிவிடமாட்டாள் தவமணி. முதலில் காலை நீட்டச் சொல்வாள். கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்து, விழுந்த குழி நிரம்பும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். "அளவுக்கு மேல தண்ணி குடிச்சிருக்கீங்க. இல்லன்னு சொல்லாதீங்க, காலு சொல்லுது." ரொகாயா மக்சிக் என்ற மலாய்க்கார அம்மாவுக்கும் இதே திட்டுதான், தமிழிலேயே. அவரும் சிரித்தபடி காலை நீட்டுவார்.

ஐம்பத்து நான்கு வயது. மலேசியாவின் சுங்கை பட்டாணியில், கோயிலுக்குப் பின்னால் கோயிலே நடத்தும் இலவச டயாலிசிஸ் நிலையத்துக்கு, சிறுநீரகம் கெட்டவர்களை ரத்தம் கழுவ ஏற்றி வருகிறாள். ஒன்பது வருடமாக இதுதான் வேலை. வேனின் பக்கவாட்டுக் கதவில் டத்தோ பட்டம் வாங்கிய கோயில் தலைவர் குணாளன் ஆளுயரப் படமாகக் கும்பிட்டபடி நிற்கிறார். அம்மனுக்கு அவர் காதளவு இடம்கூட இல்லை. வேனைக் கழுவும்போது தவமணி அந்த முகத்தை மட்டும் விட்டுவிடுவாள். கேட்டால், "அந்த அழுக்கு என் வேலையில வராதுலா" என்பாள்.

போன வருடம் கோயில் தேர்தலன்று, ஓட்டுப் போடுகிறவர்களை ஏற்றிவர டத்தோவின் ஆட்கள் வேனைப் பிடுங்கிக்கொண்டார்கள். விடிந்ததிலிருந்து வேனுக்காக வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த நோயாளி நாகம்மாவை அழைக்க யாரும் போகவில்லை. நுரையீரலில் நீர் கோத்து நாலாம் நாள் செத்துப்போனாள். கோயில் அச்சடித்த அஞ்சலித் தாளில் அவள் பெயரைவிட டத்தோ பெயர் பெரிது. இதற்குப் பெயர் தர்மமாம்.

இந்த வருடமும் தேர்தல் ரத்தம் கழுவும் சனிக்கிழமைதான் வந்தது. வேனை விட்டுக்கொடுக்கச் சொல்லி முந்தின நாளே ஆள் அனுப்பினார் டத்தோ. தவமணி மறுநாள் காலையில் வழக்கம்போல நோயாளிகள் ஆறு பேரையும் ஏற்றி வந்தாள். கோயில் வாசலில் டத்தோ குறுக்கே நின்றார்.

"சாவியக் குடு தவமணி. எதிரணிக்காரன் மூணு பஸ்ஸு பிடிச்சிருக்கான். இவங்கள நாளைக்குப் பாத்துக்கலாம், ஒரு நாள்ல என்ன ஆயிரப் போவுது?"

"நாகம்மாவுக்கும் இதத்தான் சொன்னீங்க டத்தோ."

"வாய அடக்கிப் பேசு. நான் வாங்கிக் குடுத்த வேனு இது."

தவமணி இறங்கினாள். டத்தோ படம் ஒட்டிய கதவை இழுத்துத் திறந்து, உள்ளே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அம்மாசிக் கிழவரின் காலை மெல்ல வெளியே எடுத்தாள். டத்தோவின் கையைப் பற்றி, அவர் கட்டைவிரலைக் கிழவரின் கணுக்காலில் வைத்து அழுத்தினாள். விரலை எடுத்தபோது குழி ஆழமாக விழுந்திருந்தது. அது நிரம்பும்வரை அவர் கையை அவள் விடவில்லை.